மகட்போக்கிய தாயும் தாய்ப்போக்கிய மக்களும்

1. முன்னுரை

தமிழிலக்கியத்தில் தாய் பேசப்படாத காலம் இல்லை. சங்க அகப்பாடல்களில் நற்றாயும் செவிலியும் பேசுகின்றனர். புறப்பாடல்களில் மகனைப் போர்க்களத்திற்கு விடுக்கும் மூதின் மகளிர் போற்றப்படுகின்றனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தாமே தாயின் நிலையில் நின்று பாடினர். நாட்டுப்புறத் தாலாட்டோ தாயின் வாயிலேயே பிறந்து வளர்ந்தது. இவ்வளவு இருந்தும், தாயைப் போற்றுதல் வேறு, தாயைக் காணுதல் வேறு என்பதை நம் திறனாய்வு போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. போற்றும்போது அவளை உயரத்தில் வைத்துவிடுகிறோம். வைத்த பின்னர் அவள் கையிலுள்ள காய்ப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவள் எந்நேரம் எழுந்தாள், எந்நேரம் உண்டாள் என்னும் வினாக்களும் எழுவதில்லை.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்திலிருந்து எழுதுபவர் ச. தமிழ்ச்செல்வன். அவருடைய 'வெயிலோடு போய்' என்னும் சிறுகதையைச் சங்கத் தாயரின் கூற்றுகளோடு ஒருங்கு வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். இயக்குநர் சசி இக்கதையைத் தழுவி 2008-இல் 'பூ' என்னும் திரைப்படத்தை உருவாக்கினார். அதனால் கதை நூல் படியாதாரிடத்தும் சென்று சேர்ந்தது. இதனைக் கைகூடாக் காதலின் கதை என்றே பலரும் கூறுவர். யானும் பல்லாண்டு அவ்வாறே வகுப்பில் கற்பித்தேன். அதனைத் தாயின் கதையாகவும் படிக்கலாம் என்பதும், அங்ஙனம் படிப்போர்க்கு நம் அகத்திணை மரபில் ஒரு துறை இல்லாத குறை புலப்படும் என்பதும் இன்று யான் கொண்டிருக்கும் துணிபு.

2. பாலையும் தாயும்

அகத்திணையுள் தாயின் குரல் மிகுதியாக ஒலிப்பது பாலையிலேயாம். தலைவி தலைவனோடு உடன்போக்கில் சென்றபின், மனையில் எஞ்சி நிற்கும் தாய் வருந்திக் கூறுவன பல. தொல்காப்பியர் அகத்திணையியலில் நற்றாய் கூற்றுக்கு இடம் வகுத்த சூழலும் இதுவே. ஐங்குறுநூற்றில் பாலை பாடிய ஓதலாந்தையார் இதற்கென்றே 'மகட்போக்கிய தாயிரங்கு பத்து' என ஒரு பத்தினை அமைத்தார். பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். வேனில் அதன் பெரும்பொழுதுகளுள் ஒன்று. ஆகவே, தாயின் துயரம் இருவகைப்படும். மகள் மனையில் இல்லை என்பது ஒன்று; அவள் இவ்வேளையில் வெயிலில் நடந்துகொண்டிருக்கிறாள் என்பது மற்றொன்று.

இப்பாடல்களை ஊன்றிக் கற்பார்க்கு ஓர் உண்மை விளங்கும். தாய் தன் அன்பை அன்பென்னும் சொல்லால் உரைப்பதில்லை. பொருள்களாலும் செயல்களாலும் உரைக்கிறாள். மகள் ஆடிய பந்து, அவள் வைத்து விளையாடிய பாவை, அவள் நின்ற இடம் ஆகியவையே அவளுக்குச் சொற்களாகின்றன. குறுந்தொகை 44-ஆம் பாடலில் வெள்ளிவீதியார் காட்டும் செவிலி, மகளைத் தேடி நடந்து கால் தளர்கிறாள். எதிர்வருவாரை நோக்கி நோக்கிக் கண்ணும் ஒளி மழுங்குகிறாள். கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167-ஆம் பாடலில், மணமனைக்குச் சென்று வந்த செவிலி, மகள் தன் கையால் புளிக்குழம்பு வைத்ததையும், அடுப்புப்புகை கண்ணில் படிந்ததையும், கணவன் இனிதென உண்ட அளவில் அவள் முகம் நுண்ணிதாக மலர்ந்ததையும் வந்து கூறுகிறாள். போதனாரின் நற்றிணை 110-ஆம் பாடலில், பொற்கலத்தில் தேன் கலந்த பால் ஏந்தி நரைமூதாட்டியர் பின்தொடரவும் உண்ண மறுத்து ஓடிய சிறுமி, இன்று கணவன் இல்லத்து வறுமையில் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். தந்தை வீட்டுச் சோற்றை நினைத்தும் பாராள். தாய்மை என்பது இப்பாடல்களில் நடையாகவும் அடுக்களையாகவும் உணவாகவும் நிற்கிறது. அன்றாட இல்வாழ்க்கையே தாயின் மொழி எனலாம்.

இனி, நம் உரையாசிரியர்கள் பெரிதும் கருதாது சென்ற செய்தி ஒன்றுண்டு. இத்தாயர்க்கு வருந்துவதற்கு நேரம் வாய்த்திருந்தது. தேடிச் செல்லக் கால் ஓய்வாக இருந்தது. மணமனைக்குச் சென்று இருந்து கண்டு மீள நாள் இருந்தது. பாலூட்ட ஒருத்திக்குப் பலர் இருந்தனர். பெற்ற கடன் நற்றாய்க்கும் வளர்த்த கடன் செவிலிக்கும் எனத் தாய்மை இருகூறாகப் பகுக்கப்படுவது வளமனையில் மட்டுமே இயலும்.

ஓதலாந்தையார் தம் பாலையைத் துயரோடு முடித்தாரல்லர். அவருடைய இறுதிப் பத்து 'மறுதரவுப் பத்து' ஆகும். சென்ற மகள் மீண்டு வருதலை அது பொருளாகக் கொண்டது. அங்கே தாய் காக்கையை விளித்து, மகள் வரக் கரைந்தால் ஊன்கலந்த சோறு தருவேன் என வாக்களிக்கிறாள். இந்த மறுதரவு என்னும் சொல்லை நினைவிற் கொண்டே நாம் சிறுகதைக்குள் புகுதல் வேண்டும்.

3. வெயிலில் வந்த மகள்

விருதுநகர் மாவட்டம் 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. கரிசல் மண், மானாவாரிப் பயிர், மழை வந்தால் நிறையும் கண்மாய், வாராத ஆண்டில் வெடித்துக் கிடக்கும் நிலம் ஆகியவை இதன் பெரும்பகுதிக்கு அடையாளங்கள். மழை பொய்த்தால் பிற நிலமும் தன் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்பது இளங்கோவடிகளின் கருத்து. இந்நிலத்து மக்களுக்கு அது ஏட்டுச் செய்தி அன்று. ஆண்டுதோறும் கண்டறியும் செய்தி. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீக்குச்சியும் பட்டாசும் உலர்வதற்கு வறண்ட காற்றும் காயும் வெயிலும் வேண்டும். பயிருக்குப் பகையாயிருந்த வெயில் இத்தொழிலுக்குத் துணையாயிற்று.

'வெயிலோடு போய்' இவ்வெயிலிலேயே தொடங்குகிறது. மாரியம்மாள் மணமானவள். ஊர்ப் பொங்கலுக்காகத் தாய்வீட்டிற்கு வருகிறாள். கணவன் தன் வணிகத்தை விட்டு உடன்வர இயலாமையால் இரவு வருவதாக இருக்கிறான். இவளோ வெயில் தாழும் வரையிலும் பொறுக்க மாட்டாமல் உச்சிப் பொழுதில் தனியே ஓடி வந்திருக்கிறாள். முறை மச்சானாகிய தங்கராசு ஊருக்கு வந்திருக்கிறான் என்பதே காரணம். இளமை முதல் அவள் நெஞ்சில் இருந்தவன் அவன். மணம் முடித்ததோ வேறொருத்தியை. அவன் நன்றாக வாழ்ந்தால் போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டவள், அந்நன்மையைக் கண்ணாற் கண்டுவிடச் செல்கிறாள். சென்ற இடத்தில் அவன் வாழ்வு அவ்வாறு இல்லை எனக் காண்கிறாள். மீண்டு வந்து அழுகிறாள். கதை இவ்வளவே.

காதற்கதை என்று படிப்பார் தங்கராசுவின் வீட்டையே கதையின் நடுவிடமாகக் கொள்வர். ஆயின், ஆசிரியர் கதையைத் தொடங்கிய இடம் தாயின் வீடு. அதிலும் தாயின் திகைப்பு. இந்த வேகாத வெயிலில் இவள் ஏன் இப்படித் தவித்து வந்தாள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. சங்கத் தாய்க்கு மகள் வெயிலில் ஏன் சென்றாள் என்பது தெரியும். எங்கே சென்றாள் என்பதே தெரியாது. இத்தாய்க்கு மகள் எங்கே இருக்கிறாள் என்பது தெரியும், கண்முன்னரே நிற்கிறாள். ஏன் வந்தாள் என்பதே தெரியவில்லை. அங்கே வெயில் மகளைத் தாயிடமிருந்து கொண்டு சென்றது. இங்கே அதே வெயில் மகளைத் தாயிடம் கொண்டு வருகிறது. ஓதலாந்தையாரின் இறுதிப் பத்து இங்கே முதற்காட்சியாகிவிட்டது. ஆனால், காக்கைக்குச் சோறிட வேண்டிய மகிழ்ச்சி இல்லை. மகள் வந்துவிட்டாள், அவள் மனம் வரவில்லை.

மகள் வந்தவுடன் செய்வது நீர் குடித்தல். தாயின் கேள்விக்கு விடை நீருக்குப் பின்னரே கிடைக்கிறது. இதனைச் சிறு செய்தி என விலக்குதல் கூடாது. பிறந்த வீட்டில் மட்டுமே ஒரு பெண் வினாவிற்கு விடை கூறாமல் முதலில் நீர் குடிக்கலாம். புகுந்த வீட்டில் வினாவிற்கு விடை முதலில், நீர் பின்னர். தாய்வீடு என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை யான் கண்டதில்லை.

இத்தாய் மகளின் தாய் என்னும் உறவாலேயே சுட்டப்படுகிறாள். அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறார் என்னும் மரபு நினைவிற்கு வரலாம். ஆயினும், இதனை மரபென்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. கரிசற் சிற்றூரில் பெண் ஒருத்தி தாயான பின்னர் இன்னாருடைய ஆத்தாள் என்றே தெருவெல்லாம் அழைக்கப்படுகிறாள். அவளுடைய பெயர் குடும்ப அட்டையில் மட்டும் எஞ்சுகிறது. மரபும் நடப்பும் இங்கே ஒத்துச் செல்கின்றன.

நெய்தற்கும் பாலைக்கும் வகுத்த இலக்கணத்தை இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதைக்குப் பொருத்துதல் முறையாகுமா என ஒருவர் வினவலாம். திணை இலக்கணத்தைச் சட்டையாக எண்ணிக் கதைக்கு அணிவித்தல் முறையன்று என்பதை யானும் உடன்படுகிறேன். அதனை விளக்காகக் கொள்ளுதல் வேறு. விளக்கு, இருப்பதையும் காட்டும், இல்லாததையும் காட்டும். இச்சிறுகதையில் தாய் நெடிது புலம்பவில்லை. சங்கத் தாயரை அறிந்தோரே அப்புலம்பல் இல்லாமையைக் கேட்க வல்லவர். ஏன் இல்லை என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

4. செவிலி இல்லாத மனை

செவிலியின் மகளே தோழி என்பது தொல்காப்பியர் காட்டும் முறை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் தாய்க் கூற்றுகளைத் துறைவாரியாகப் பகுத்து, செவிலிக்கென ஓர் இயல் முழுவதும் எழுதினேன். வளர்த்த தாயின் பொறுப்புகளை எல்லாம் நிரல்படுத்தினேன். அவ்வியலை எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கழித்தே எனக்கு ஒன்று உறைத்தது. என் வீட்டிலும் ஒரு செவிலி இருந்தாள். அவளுக்கு அப்போது வயது ஒன்பது. அவள் என் அக்காள்.

1980-களின் இறுதியில் எங்கள் ஊர்ப் பெண்கள் பலரைப் போன்று என் அன்னையும் பகலில் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றார். தொழிற்கூடத்தை எங்கள் பக்கத்தில் ஆபீசு என்றே கூறுவர். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, தூக்குச் சட்டியில் தமக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அடுப்போரம் மூடி வைத்துச் செல்வார். எனக்குச் சோறூட்டியவள், தலை வாரியவள், காய்ச்சல் கண்டபோது நெற்றியில் ஈரத்துணி இட்டவள் அக்காளே. இரவில் அன்னை விளக்கடியில் அமர்ந்து பெட்டி ஒட்டுவார். ஒரு குரோசு என்றால் நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. துத்தம் கலந்த பசை அவர் விரலிடுக்கில் காய்ந்து வெடித்திருக்கும். தம்பியைக் காலில் கிடத்தி ஆட்டியவாறே தாலாட்டுப் பாடுவார். பாட்டின் இடையே எண்ணிக்கை வரும். பத்து, இருபது என்று எண்ணிவிட்டு மீண்டும் பாட்டிற்குத் திரும்புவார். பாட்டு எங்களை உறங்கச் செய்வதற்கோ, தாம் உறங்கிக் கணக்குத் தவறிவிடாமல் இருப்பதற்கோ, இரண்டிற்குமோ யான் அறியேன். தாலாட்டுத் தொகுப்புகளைப் பின்னாளில் பல படித்தேன். எண்ணிக்கையோடு அச்சான பாட்டு ஒன்றையும் கண்டேனல்லேன். தொகுத்தோர் அதனைப் பாட்டின் பகுதி எனக் கருதியிரார் போலும்.

அக்காள் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். யான் படித்தேன். இதனை இங்கே கூறுவது இரக்கம் வேண்டியன்று. செவிலி என்னும் பாத்திரம் வறிய மனையில் மறைந்துவிடுவதில்லை, அது மூத்த மகள்மேல் இறங்குகிறது என்னும் கருத்திற்கு யான் நன்கறிந்த சான்று இதுவாகலின் கூறினேன். சங்க மரபில் செவிலி முதியவள். பால் மறுத்து ஓடும் சிறுமி இளையவள். கரிசல் மனையில் அவ்விருவரும் ஒருத்தியாகவே இருந்தனர். ஓடி விளையாட வேண்டியவளே பாலூட்டவும் வேண்டியவளானாள். நற்றாய்க்கோ புலம்ப நேரமில்லை. நம் சிறுகதையில் தாயின் சொல் சுருங்கியிருப்பதற்குக் காரணம் அன்புச் சுருக்கம் அன்று, நேரச் சுருக்கமே.

இத்தொழிற் பகுதிக் குழந்தைகளின் நிலையை இராஜம் கிருஷ்ணன் தம் 'கூட்டுக்குஞ்சுகள்' என்னும் நாவலில் பொருளாகக் கொண்டார். களத்திற்குச் சென்று மக்களோடு பழகி எழுதும் இயல்பினர் அவர். அத்தலைப்பு சிந்திக்கத்தக்கது. கூடு குஞ்சுகளைக் காக்கவும் கூடும், அடைக்கவும் கூடும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பளித்தது. இடர்மிகுந்த தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர்க்கு வேலை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் அது பணித்தது. மகள் கைக்குப் பள்ளிப்பை வருதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், மகள் பள்ளிக்குச் செல்லும் வீட்டில் வேலைக்குச் செல்பவர் யார் என்னும் வினாவும் உடன் எழுகிறது. பல வீடுகளில் அவள் தாயே.

'வெயிலோடு போய்' எழுதியவர் பின்னாளில் 'ஆண்கள் சமைப்பது அதனினும் இனிது' என ஒரு நூல் எழுதினார். சிறுகதையாசிரியர் ஒருவர் அடுக்களையைப் பற்றி நூல் எழுதியதனை விளையாட்டாகக் கொள்வாரும் உளர். குறுந்தொகைச் செவிலி கண்டு மகிழ்ந்த அடுப்புப்புகையை ஆடவர் கண்ணும் அறிதல் வேண்டும் என்னும் நியாயத்தின் தொடர்ச்சியாகவே யான் அதனைக் காண்கிறேன்.

5. அளவுகோலாகிய அன்னை

விருதுநகர் என்றவுடன் தமிழ் மக்கள் நினைவிற்கு வரும் தாய் ஒருவர் உளர். அவர் காமராசரின் அன்னையார் சிவகாமி அம்மையார். 1903 ஜூலை 15-இல் பிறந்த காமராசர் இளமையிலேயே தந்தையை இழந்தார். மணம் செய்துகொள்ளாமல் பொதுவாழ்வில் நின்றார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கினார். அன்னையார் விருதுநகரிலேயே வாழ்ந்தார். அவ்வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. அன்னைக்கு அவர் மாதந்தோறும் அனுப்பிய சிறுதொகையைப் பற்றியும், வீட்டிற்குத் தனியே அளிக்கப்பட்ட குடிநீர்க் குழாயை அகற்றச் செய்ததைப் பற்றியும் கதைகள் மேடைதோறும் வழங்குகின்றன.

இக்கதைகளை வரலாறாக ஆராய்தல் இங்கு நோக்கமன்று. இலக்கிய வடிவமாகக் காண்போம். இவற்றில் அளக்கப்படுபவர் மகன். அளவுகோலாக நிற்பவர் தாய். தாய்க்குக் கிட்டாதவற்றின் அளவே மகனுடைய தூய்மையின் அளவாகிறது. புறநானூற்று மூதின் மகளிர் பாடல்களிலும் இவ்வமைப்பே உண்டு. கொடுத்தவளைப் பற்றிய பாடலாயினும், ஒளி படுவது கொடுக்கப்பட்டவன்மேல். மகனைப் போக்கிய தாய் அவ்வீட்டில் எவ்வாறு பொழுது கழித்தார், யாரோடு பேசினார், எதற்கு நகைத்தார் என்பவற்றை இக்கதைகளைக் கேட்போர் வினவுவதில்லை. தலைவர் ஒருவரின் நேர்மையைப் போற்றுதல் நன்றே. ஆயினும், குழாய் அகற்றப்பட்ட பின்னர் நீர் எடுத்து வர நடந்த கால்களையும் கதை கூறுமாயின், அது தாயின் கதையும் ஆகியிருக்கும்.

ஒன்று மட்டும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டம் 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. இவற்றை அரசியல் செய்தியாகவே நாம் படிக்கிறோம். இலக்கிய மாணாக்கன் இவற்றை வேறு வகையாகவும் படிக்கலாம். நற்றிணைச் செவிலியின் பொற்கலம் பொதுக்கலமாயிற்று. விடியலில் வீட்டைவிட்டுச் செல்லும் தாய்க்குச் செவிலியாக ஊர் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

6. தாய்ப்போக்கிய மக்கள்

'பூ' திரைப்படத்தில் மாரி பட்டாசு ஆலையில் வேலை செய்பவளாகக் காட்டப்படுகிறாள். வெயிலோடு தீயும் அங்கே சேர்ந்துகொள்கிறது. இம்மாற்றம் நிலத்தின் உண்மைக்கு இசைந்ததே. எங்கள் பகுதியில் வெடிக்குழாயில் மருந்து அடைப்போர், திரி சேர்ப்போர், சரம் பின்னுவோர் ஆகியோருள் பெண்கள் மிகப் பலர். அவருள் தாயர் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பில் 'மகட்போக்கிய தாயிரங்கு பத்'தினைக் கற்பித்துவிட்டு, அதன் பொருளைத் தம் வாழ்வினின்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குமாறு மாணவியரைக் கேட்டேன். ஒரு மாணவி எழுதியது பாடத்திற்கு மாறாக இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது மாலையில் தாய் வேலை முடிந்து வரும் வண்டியை எதிர்நோக்கித் தெருமுனையில் நிற்பாளாம். வண்டியினின்று இறங்கும் பெண்கள் எல்லாரும் அலுமினியப் பொடி படிந்து ஒரே வெள்ளி நிறமாய் இருப்பராம். அவருள் தன் தாய் யார் என்பதை நடையால் கண்டுகொள்வாளாம். ஓடிச் சென்றாலும் தாய் தொடவிடமாட்டாள். கொல்லையில் நீர் வார்த்து உடை மாற்றிய பின்னரே மகளைத் தூக்குவாள். அந்தப் பொழுதே அன்றைய நாளில் மிக நீண்டதாக இருந்தது என அவள் எழுதியிருந்தாள்.

வினாவிற்கு இது விடையாகாது என முதலில் எண்ணினேன். மதிப்பெண்ணையும் குறைத்தே இட்டேன். வினாவில் தாய் வருந்த வேண்டும். இவள் விடையில் மகளன்றோ வருந்துகிறாள் என்பது என் காரணம். அன்றிரவு அவ்விடை என்னை விட்டு நீங்கவில்லை. வெள்ளிவீதியாரின் செவிலி எதிர்வருவோர் கூட்டத்தில் தன் மகளைக் காணாது கண் மழுங்கினாள். இச்சிறுமி இறங்கி வருவோர் கூட்டத்தில் தன் தாயைத் தேடிக் கண் கூர்மையுற்றாள். தேடும் கண் ஒன்றே, தேடுபவர் மாறிவிட்டனர். மறுநாள் மதிப்பெண்ணைத் திருத்தினேன். திருத்த வேண்டியது அம்மதிப்பெண் மட்டுமன்று என்பது தெளிவாயிற்று.

அகத்திணை மரபில் மனையை விட்டு வெயிலிற் செல்பவள் மகள், காத்திருப்பவள் தாய். பட்டாசு நிலத்தில் வெயிலிலும் தீயின் அருகிலும் செல்பவள் தாய், காத்திருப்போர் மக்கள். மகட்போக்கிய தாய்க்குப் பத்துப் பாடல்கள் கொண்ட பகுதி உண்டு. தாய்ப்போக்கிய மக்களுக்குத் துறையே இல்லை. இலக்கணம் வகுத்தோரைக் குறைகூறுதல் இதன் கருத்தன்று. அவர் கண்ட உலகில் தாய் மனையில் இருந்தாள். குறை, தாய் மனையை விட்டுச் சென்ற பின்னரும் அவ்விலக்கணத்தைக் கொண்டே தாய்மையை அளக்கும் நம்மிடத்ததே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெயரறியாச் சிறு விபத்துகள் இவற்றிற்கு இடையிலும் பின்னரும் பல. இவ்வாறான நாள்களில் மறுதரவு என்னும் சொல் எங்கள் ஊர்களில் எத்துணைக் கனமுடையது என்பதை விளக்க வேண்டுவதில்லை. வெடிச்சத்தம் கேட்ட அளவில், எந்த ஆபீசு என்பதே முதல் வினாவாகத் தெருவெல்லாம் எழும். அவ்வினாவைக் கேட்பவர் குழந்தைகள். அவர்களுக்குக் காக்கையை விளித்துப் பாட ஒரு பாட்டு நம் இலக்கியத்தில் இல்லை.

பட்டாசின் மீது 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின்னர் வேலை குறைந்த மாதங்கள் வந்தன. அப்போது தாயர் வீட்டில் இருந்தனர். குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சி. அடுப்பிற்கு அது துயரம். தாய் சென்றாலும் அச்சம், செல்லாவிடினும் பசி என்னும் இந்நிலையைப் போற்றுதல் எளிதன்று. ஆகவேதான் நாம் அதனைக் காணாமல் தாய்மையைப் பொதுவாகப் போற்றி அமைகிறோம் போலும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். சங்கத் தாய் தன் அன்பை அன்றாடப் பொருள்களால் உரைத்தாள். உரைக்க அவளுக்கு ஓய்வும் செவிலியும் இருந்தனர். 'வெயிலோடு போய்' அம்மரபின் திசையை மாற்றி, மகள் தாயிடம் வரும் மறுதரவாக அமைந்தது. அதில் தாய் புலம்பாமல் திகைத்து நிற்கிறாள். அத்திகைப்பின் பின்னே செவிலி இல்லாத, நேரமில்லாத மனை உள்ளது. அம்மனையினின்று மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாயே தீயின் அருகிற் செல்லுங்கால், காத்திருத்தல் என்னும் அகப்பொருள் மக்கள்மேற் செல்கிறது. இதற்கு ஏற்ற துறை நம்மிடம் இல்லை.

துறையை இலக்கண ஆசிரியர் மட்டும் படைப்பதில்லை. வழக்கே முதலிற் படைக்கிறது, இலக்கணம் பின்னர் வருகிறது. எனவே, இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஆற்ற வேண்டிய பணி ஒன்றுண்டு. தாலாட்டையும் ஒப்பாரியையும் தொகுத்தது போன்று, தாய் வேலைக்குச் சென்ற வீட்டில் வளர்ந்தோரின் நினைவுகளையும் அவர் வாய்மொழியாகவே தொகுத்தல் வேண்டும். தாலாட்டின் இடையே வரும் எண்ணிக்கையை நீக்காமல் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். தெருமுனையில் நின்ற சிறுமியின் விடைத்தாளைப் பாடத்திற்கு மாறானது என்று ஒதுக்காதிருத்தல் வேண்டும்.

சென்ற கோடையில் அக்காள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவள் மகள் கல்லூரியிற் பயில்கிறாள், தமிழே எடுத்திருக்கிறாள். நற்றிணை 110-ஆம் பாடலைத் தாய்க்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பொற்கலத்தில் பாலேந்தி ஓடிய செவிலியரைப் பற்றிக் கேட்டுவிட்டு அக்காள் என்னை நோக்கி நகைத்து, "நீயும் இப்படித்தான் ஓடுவே, கலம் மட்டும் ஈயச்சட்டி" என்றாள். என் ஆய்வேட்டின் செவிலி இயலில் விடுபட்ட அடிக்குறிப்பு அதுவே. அதனை இங்கே சேர்த்துவிட்டேன்.